வறுமைப் பாடலும் கேட்போர் பொருள்கோளும்: நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

தமிழ்த் திறனாய்வில் பாடலை இயற்றியவரைப் பற்றியும் பாடலின் அமைப்பைப் பற்றியும் மிகுதியாகப் பேசப்பட்டுள்ளது. பாடலைக் கேட்டவர் அதனை எவ்வாறு பொருள் கொண்டார் என்னும் வினா அந்த அளவிற்கு எழுப்பப்படவில்லை. திரைப்பாடலைப் பொறுத்தவரை இக்குறை மேலும் மிகுதி. ஏழை உழைப்பாளியின் துயரைப் பாடும் சோகப் பாடல் ஒலிக்கும்போது கேட்போர் கண் கலங்குவர். அக்கண்ணீரைக் கண்டு திறனாய்வாளர் இருவகை முடிவுக்கு வருவர். ஒரு சாரார், இத்தகைய பாடல்கள் உழைப்பாளியை அழவைத்து ஆறுதல்படுத்தி, உள்ள நிலையை ஏற்கச் செய்யும் மயக்க மருந்து என்பர். மற்றொரு சாரார், இவை ஏழையின் துயரை உள்ளவாறே காட்டும் வரலாற்று ஆவணம் என்பர். முடிவில் வேறுபடினும், கேட்போரைப் பற்றி இரு சாராரும் ஒரே கருத்துடையவர்களாகவே உள்ளனர். பாடல் தருவதைக் கேட்பவர் அப்படியே பெற்றுக்கொள்கிறார். தாமாக அதனோடு எதையும் சேர்ப்பதில்லை என்பதே அக்கருத்து.

இக்கருத்துப் பொருந்தாது என்பது இக்கட்டுரையின் துணிபு. 1964-ஆம் ஆண்டு வெளிவந்த 'படகோட்டி' திரைப்படத்தில் வாலி இயற்றி, விசுவநாதன் - இராமமூர்த்தி இசையில் டி. எம். சௌந்தரராஜன் பாடிய, மீனவர் வாழ்வைப் பற்றிய சோகப் பாடலை இங்கு எடுத்துக்கொள்கிறோம். கடலையே காணாது ரப்பர்க் காட்டில் வாழ்நாளைக் கழித்த நெகிரி செம்பிலான் தோட்டத் தொழிலாளர் இப்பாடலைத் தம் பாடலாகக் கொண்டது எவ்வாறு என்பதே நம் வினா. இது புள்ளிவிவர ஆய்வன்று. ரந்தாவ், சிலியாவ், லாபு, பாகாவ் வட்டாரங்களில் வாழ்ந்த முதியோரும் அவர்தம் பிள்ளைகளும் இப்பாடலைப் பற்றிக் கூற நாம் கேட்டவற்றை, பாடலின் மொழியமைப்போடும் தோட்டப்புற வரலாற்றோடும் பொருத்திக் காணும் முயற்சியே இது.

பாடலின் மொழியமைப்பு

கேட்போரைப் பற்றிப் பேசுமுன் பாடலின் சொல்லமைப்பை நோக்குதல் வேண்டும். பல்லவி, தரையில் பிறந்த ஆடவர் தண்ணீரில் பிழைக்குமாறும், கரையில் நிற்கும் பெண்டிர் கண்ணீரில் வாழுமாறும் ஆக்கப்பட்டதைச் சொல்கிறது. இவ்வாறு ஆக்கியவர் யார் என்பதைப் பல்லவி சொல்லவில்லை. வினைமுற்றுகள் யாவும் பிறவினைப் பொருள் தரும் 'வை' என்னும் துணைவினையோடு ஆண்பால் ஒருமை விகுதி பெற்று வருகின்றன. செய்தவன் ஒருவன் உளன் என்பது விகுதியால் பெறப்படுகிறது. அவன் பெயர் பெறப்படவில்லை. தோன்றா எழுவாய் என நாம் வகுப்பறையில் கற்பிக்கும் இலக்கணக் கூறே இப்பாடலின் உயிர்நிலை எனலாம்.

அடுத்து நோக்கத்தக்கது தன்மைப் பன்மை. பாடுவோர் தம்மை 'எங்கள்' என்றே சுட்டுகின்றனர். தமிழில் 'நாம்' கேட்போரை உளப்படுத்தும். 'நாங்கள்' அவரை விலக்கும். எனவே இப்பாடல் இலக்கணப்படி, மீனவர் மீனவரல்லாதாரை நோக்கிப் பாடும் பாடலாகிறது. தோட்டத் தொழிலாளி அரங்கில் அமர்ந்து கேட்கும்போது அவர் விலக்கப்பட்டவர். அதே பாடலை வெட்டுக் காட்டில் வாய்விட்டுப் பாடும்போது அவரே அந்த 'எங்கள்' என்பதனுள் புகுந்துவிடுகிறார். கேட்டல் பாடுதலாக மாறும் இடத்தில்தான் பாடல் கைமாறுகிறது.

மூன்றாவது, பாடலின் முடிவுநிலை. வாழ்வு முடிந்தாலும் தொடர்ந்தாலும் அது தம் கையில் இல்லை என்னும் மனநிலையையே சரணங்கள் காட்டுகின்றன. கடலை விட்டு வேறு தொழிலுக்குப் போதல், கரையேறி வீடு கட்டுதல், பிள்ளையைப் படிக்க வைத்தல் ஆகிய எதுவும் பாடலில் இல்லை. ஆயினும் நாம் கேட்டறிந்த பலரும் இதனை வறுமையிலிருந்து மீள விழையும் பாடல் என்றே கூறினர். பாடலில் இல்லாத மீட்சி கேட்போர் உள்ளத்தில் எங்கிருந்து வந்தது?

அழுகையின் நான்கு நிலைக்களன்கள்

இவ்வினாவுக்கு விடை காணத் தொல்காப்பியம் நமக்குக் கைகொடுக்கிறது. மெய்ப்பாட்டியல் அழுகை என்னும் மெய்ப்பாடு தோன்றும் நிலைக்களன்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கனைச் சுட்டுகிறது. பேராசிரியர் உரையின்படி, இளிவாவது பிறரால் இகழப்பட்டு எளியனாதல். இழவாவது தாய் தந்தை முதலிய சுற்றத்தையும் நுகர்ச்சியையும் இழத்தல். அசைவாவது பண்டைய நிலை கெட்டு வேறொன்றாகி வருந்துதல். வறுமையாவது நுகர வேண்டியவற்றை நுகரப் பெறாத பற்றுள்ளம்.

நாம் எடுத்துக்கொண்ட பாடலில் இந்நான்கும் உள்ளன. வயிற்றுப்பாட்டுக்காக நாள்தோறும் கடலுக்குப் போவது வறுமை. மனைவியையும் தொட்டில் குழந்தையையும் கரையில் விட்டுச் செல்வது இழவு. தரையில் பிறந்தும் தண்ணீரில் வாழ நேர்வது அசைவு. உயிரைப் பணயம் வைப்போரை ஊரார் எளிதாக எண்ணிவிடுவது இளிவு. பாடல் இவற்றுள் ஒன்றனை முதன்மைப்படுத்தி மற்றவற்றை அடக்கவில்லை. நான்கனையும் அடுத்தடுத்து வைத்துச் செல்கிறது. எதனைப் பற்றிக்கொண்டு அழுவது என்பது கேட்போர் உரிமையாகிறது.

கேட்போரை இவ்வாறு முதன்மைப்படுத்துவது மேலைநாட்டுக் கொள்கைகளால் மட்டும் வந்ததன்று. ஹான்ஸ் ராபர்ட் யாவுஸ் 1967-இல் வாசகரின் எதிர்பார்ப்பு எல்லையைப் பற்றிப் பேசினார். ஸ்டூவர்ட் ஹால் 1973-இல், அனுப்புவோர் கருதிய பொருளைப் பெறுவோர் ஏற்கவும் மறுக்கவும் பேரம் பேசவும் கூடும் என விளக்கினார். ஆயின், செய்து காட்டுவோனின் உணர்வு காண்போரைச் சென்றடைவதே மெய்ப்பாடு என்னும் செயிற்றியனார் கருத்தை இளம்பூரணர் தம் உரையில் எடுத்தாண்டிருப்பது ஈண்டு நினையத்தக்கது. மெய்ப்பாட்டின் இருப்பிடம் காண்போரிடத்தும் உண்டு என்பது நம் மரபு அறிந்த செய்தியே.

பாடல் வந்து சேர்ந்த தோட்டம்

1964-இல் இப்பாடல் மலேசியாவுக்கு வந்தபோது தோட்டப்புறத்தில் இருந்தோர் யார்? இந்திய அரசு 1938-இல் தொழிலாளர்க்கு உதவி வழங்கிக் குடியேற்றுவதைத் தடை செய்தது. எனவே, கங்காணி வழியே கப்பலேறி வந்தவர்களுள் இளையோரும் 1964-இல் நடுவயதைக் கடந்துகொண்டிருந்தனர். அவர்தம் பிள்ளைகள் லயத்தில் பிறந்து தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பயின்று, பெரும்பாலும் அதே தோட்டத்தில் உளியெடுத்தவர்கள்.

அக்காலத்துத் தோட்ட வாழ்வு உறுதியான ஒன்றாகவும் இல்லை. ஆங்கிலேயக் கும்பினிகள் தோட்டங்களை விற்க, அவை துண்டு துண்டாகக் கைமாறின. 1951 முதல் 1960 வரை நடந்த இத்துண்டாடலை உங்கு அசிஸ் ஆராய்ந்து எழுதினார். 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றி, தொழிலாளர் மாதம் பத்து வெள்ளி செலுத்தித் தோட்டத்துக்கே பங்குதாரராகும் வழியைக் காட்டியது. ஆக, துயரமும் மீட்சி முயற்சியும் ஒருங்கே நிலவிய காலத்தில் இப்பாடல் வந்து சேர்ந்தது.

பாடல் வந்த வழிகளும் கருதத்தக்கவை. தோட்டத் திடலில் வெண்திரை கட்டிப் படம் காட்டுவர். லயத்து மக்கள் பாய் விரித்து அமர்ந்து பார்ப்பர். படம் ஓரிரவில் முடிந்துவிடும். வானொலியின் தமிழ்ப் பிரிவு அப்பாடலை ஆண்டுக்கணக்கில் ஒலித்துக்கொண்டிருக்கும். நேயர் விருப்பத்தில் தோட்டத்தின் பெயரும் கேட்டவர் பெயரும் வாசிக்கப்பட்ட பின் பாடல் ஒலிப்பது வழக்கம். திரையில் கதைத்தலைவனுக்குரியதாக இருந்த பாடல் வானொலியில் ஒரு தோட்டத்திற்கு உரியதாக அறிவிக்கப்பட்டது. காட்சியும் கதையும் நீங்கிச் சொல்லும் குரலும் மட்டும் எஞ்சிய நிலையில் தோன்றா எழுவாயை நிரப்புவது மேலும் எளிதாயிற்று.

மூன்று தலைமுறையின் கேள்வி

கப்பலேறி வந்த தலைமுறையினர்க்குக் கடல் உவமையன்று, பட்டறிவு. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்த 'ரஜுலா' போன்ற கப்பல்களின் தளத்தில் படுத்துக் கிடந்தவர்கள் அவர்கள். நடுக்கடலில் குடிநீர் தருவார் யார், தனியே வந்தவர்க்குத் துணிவையன்றித் துணை யார் எனப் பாடல் வினவும் இடம் மீனவரைப் பற்றியது. இவர்களோ அதனைத் தம் பயணத்தின் வரலாறாகக் கேட்டனர். அவர்களுள் பலர் தோன்றா எழுவாயை இறைவன் என்றே கொண்டனர். பஞ்சம் பிழைக்கப் புறப்பட்டதை ஆண்டவன் கட்டளையாகக் கொள்வதில் அவர்களுக்கு ஓர் ஆறுதலும் இருந்தது. தாம் தவறான முடிவெடுத்துவிட்டோம் என்னும் எண்ணத்திலிருந்து அது அவர்களைக் காத்தது. அவர்தம் அழுகைக்குக் களன் இழவு. ஊரில் விட்டுவந்த தாயின் இறப்பை மாதங்கள் கழித்துக் கடிதத்தில் அறிந்தவர்க்குக் கரையில் நிற்கும் பெண் தாயாகவே தோன்றினாள்.

தோட்டத்தில் பிறந்த தலைமுறையினர் எழுவாயை வேறாக நிரப்பினர். விடியுமுன் பெரட்டில் நின்று, தண்டல் பெயர் கூப்பிட, நிரைக்குப் போகும் அவர்களுக்குத் தம்மை அங்கு நிறுத்தியவன் கண்முன் தெரிந்தான். துரை என்றும் கும்பினி என்றும் சிலர் கொண்டனர். தாத்தாவை அழைத்துவந்த கங்காணி என்று சிலர் கொண்டனர். மழை பெய்தால் மரம் வெட்ட இயலாது. வெட்டாத நாளுக்குக் கூலி இல்லை. நாள்தோறும் துயரம் எனப் பாடல் சொல்வதை இவர்கள் மழைநாளோடு இணைத்துக் கேட்டனர். இங்கு அழுகையின் களன் வறுமை. அதனோடு சினமும் சேர்ந்திருந்தது. இதே பாடலைக் கேட்டவர்களே சங்கக் கூட்டத்திற்கும் சென்றனர். கூட்டுறவுச் சங்கத்துக்குப் பத்து வெள்ளியும் செலுத்தினர். பாடல் அவர்களை மயக்கிக் கிடத்தியது என்பதற்கு இது பொருந்தவில்லை.

இத்தலைமுறையின் வாழ்விலேயே மற்றொரு பிரிவும் நேர்ந்தது. 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியதாயிற்று. 1969-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பல்லாயிரம் இந்தியர் நாடு திரும்பினர். அப்போது வெளிவந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த இப்பாடலில் கடலும் கரையும் இடம் மாறின. வந்தோர் திரும்பிச் செல்ல, பிறந்தோர் இக்கரையில் நின்றனர்.

மூன்றாம் தலைமுறை தோட்டத்தை விட்டு வெளியேறிய தலைமுறை. நீலாய், சிரம்பான் வட்டாரங்களில் ரப்பர் நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. வெளியேற்றம் மீட்சியாக அமைந்தவர் உண்டு. குறைந்த விலை அடுக்குமாடி வீட்டில் லயத்தை விடக் குறுகிய வாழ்வாக அமைந்தவரும் உண்டு. இவர்கள் மின்னல் பண்பலையில் இப்பாடலைக் கேட்கும்போது தந்தையின் பாடலாகக் கேட்கின்றனர். மீண்டவர்க்கு அது அசைவு: பண்டைய நிலை மாறியதன் வருத்தமும் பெருமிதமும் கலந்த உணர்வு. மீளாதவர்க்கு அது இளிவு. தோட்டத்துப் பிள்ளை என்னும் சொல் ஏளனமாக வழங்குவதைக் கேட்டு வளர்ந்தவர் சிலர், இப்பாடல் ஒலித்தால் வானொலியை நிறுத்திவிடுவதாகவும் கூறினர். பாடலை நிறுத்துவதும் ஒரு பொருள்கோளே என்பதைத் திறனாய்வு கணக்கில் கொள்ள வேண்டும்.

கரையில் நில்லாத பெண்கள்

பெண் கேட்போரைத் தனியே கருத வேண்டும். பாடலில் ஆடவர் கடலில் உழைக்கின்றனர். பெண்டிர் கரையில் நின்று அழுகின்றனர். தோட்டத்தில் அப்பாகுபாடு இல்லை. பெண்ணும் பெரட்டில் நின்றாள். நிரை பிடித்து மரம் வெட்டினாள். மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக் காண்டாவில் சுமந்தாள். குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றவளும் அவளே. எனவே பாடலில் கரைக்குரிய கண்ணீரும் கடலுக்குரிய உழைப்பும் தோட்டத்துப் பெண்ணிடம் ஒருங்கே சேர்ந்தன. மூதாட்டியர் சிலர் இப்பாடலை ஆண்கள் தம்மைப் பற்றியே பாடிக்கொள்ளும் பாட்டு எனச் சிரித்துக்கொண்டே கூறினர். அச்சிரிப்பைக் கூர்ந்த திறனாய்வாகவே நாம் கொள்கிறோம். தம் இடம் பாடலில் தவறாக வைக்கப்பட்டிருப்பதை உணர்ந்தும் அப்பாடலை அவர்கள் கைவிடவில்லை. தொட்டில் குழந்தையைப் பற்றிய பகுதியை மட்டும் தமக்கென எடுத்துக்கொண்டனர்.

தமிழ்நாடும் தோட்டமும்

எம். எஸ். எஸ். பாண்டியன் 1992-இல் வெளியிட்டு, பின்னர்ப் 'பிம்பச் சிறை' எனத் தமிழிலும் வந்த நூல், எம். ஜி. ஆரின் திரைப்பிம்பம் தமிழ்நாட்டு ஏழை மக்களைத் தமக்கே எதிரான அரசியலுக்கு எவ்வாறு இசையச் செய்தது என விளக்குகிறது. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை அவ்வாய்வு வலிமையானது. அங்கே பாடலின் வெற்றிடத்தை நிரப்ப ஒருவர் ஆயத்தமாக இருந்தார். திரையில் ஏழைக்காகப் பாடியவர் 1967-இல் சட்டமன்றம் சென்றார், 1972-இல் தனிக்கட்சி கண்டார், 1977-இல் முதலமைச்சரானார். பாடலைக் கேட்டு அழுதவர் அவருக்கே வாக்களிக்க முடிந்தது. மீட்சி, தலைவர் வழியே வரும் என்னும் பொருள்கோள் அங்கு இயல்பாயிற்று.

நெகிரி செம்பிலான் தோட்டத்திலும் லயத்துச் சுவரில் எம். ஜி. ஆர். படம் தொங்கியது. ஆனால் அவருக்கு இடும் வாக்குச் சீட்டு அங்கு இல்லை. பாடல் கடல் கடந்தது. பாடல் சுட்டிய மீட்பர் கடல் கடக்கவில்லை. எனவே வெற்றிடம் வெற்றிடமாகவே நின்றது. கேட்போர் அதனைத் தம் குடும்பத்தைக் கொண்டு நிரப்பினர். பிள்ளையைப் பட்டணத்தில் படிக்க வைத்தல், கூட்டுப் பணம் கட்டி நிலம் வாங்குதல், மகளை ஆசிரியை ஆக்குதல் என மீட்சி ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு வடிவம் கொண்டது. பாடலில் இல்லாத மீட்சி எங்கிருந்து வந்தது என்னும் வினாவுக்கு நாம் காணும் விடை இதுவே. ஒரே பாடல், ஒரே குரல், ஒரே நடிகர். எனினும் நாடு மாறியபோது பொருள்கோள் மாறியது.

ஆற்றுப்படுத்தாத பாடல்

வறுமையையும் அதிலிருந்து மீள்வதையும் பாடுவது தமிழுக்குப் புதிதன்று. பரிசில் பெற்று வருபவன் பெறாதவனை வழிப்படுத்தும் ஆற்றுப்படை அதற்கென்றே எழுந்த இலக்கிய வகை. சிறுபாணாற்றுப்படையில், உப்பும் இல்லாது வேளைக்கீரையை உண்ணும் பாணர் குடும்பம் பிறர் காண நாணிக் கதவை அடைத்துக்கொள்கிறது. வறுமையும் இளிவும் ஒன்றாகும் காட்சி அது. ஆனால் அவ்விலக்கியம் அங்கு நிற்பதில்லை. நல்லியக்கோடனின் நாட்டிற்குச் செல்லும் வழியைக் காட்டுகிறது. மீண்டவன், மீளாதவன், வழி, வள்ளல் என நால்வகை உறுப்பும் அதில் உண்டு.

நம் பாடலில் மீளாதவன் மட்டுமே உளன். ஏனைய மூன்றும் இல்லை. இதனைப் பாடலின் குறை என்பதினும், புரவலர் மறைந்த காலத்தின் இயல்பு என்பதே பொருந்தும். தோட்டத்தில் வழிகாட்டும் பணியை, முன்னே வெளியேறியவர் பின்னே நின்றவருக்குச் செய்தார். சிரம்பானில் வேலை பெற்றவர் தோட்டத்துக்கு வரும்போது உறவினர் பிள்ளைக்கு வேலை பற்றிச் சொன்னது ஒருவகை ஆற்றுப்படையே. அது பாட்டாகப் பதிவு பெறவில்லை என்பதே வேறுபாடு.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், சோகப் பாடல் கேட்போரை ஒரே வகையாக அழவைப்பதில்லை என்பது பெறப்படும். பாடல் அழுகையின் நான்கு களன்களையும் வைத்து, எழுவாயையும் வழியையும் சொல்லாது விட்டது. கேட்போர் தத்தம் காலத்திற்கும் நாட்டிற்கும் ஏற்ப அவற்றை நிரப்பினர். ஆகவே, இத்தகைய பாடலை மயக்க மருந்து என ஒதுக்குவதும் ஆவணம் எனப் போற்றுவதும் முழுமையான திறனாய்வு ஆகா.

தமிழாசிரியர்க்கு இதில் உடனடிப் பயன் உண்டு. தோட்டத்துத் துயரப் பாடல்களை வகுப்பில் அறிமுகப்படுத்தும்போது, முன்னோர் பட்ட பாட்டைச் சொல்லி மாணவரை இரக்கம் கொள்ளச் செய்வதோடு நாம் நின்றுவிடுகிறோம். அவ்வகுப்பில் தோட்டத்திலிருந்து வந்த பிள்ளை தலை குனிந்திருக்கக் கூடும். மாறாக, இவ்வினைகளுக்கு எழுவாய் யார் என மாணவரைக் கேட்கலாம். வீட்டிலுள்ள முதியோரிடம் அதே வினாவைக் கேட்டுவரச் செய்யலாம். பெறும் விடைகள் வேறுபடும். அவ்வேறுபாட்டைக் கரும்பலகையில் எழுதி விளக்கினால் இலக்கணமும் வரலாறும் ஒருங்கே கற்பிக்கப்படும். தலை குனிந்த பிள்ளை தன் வீட்டு விடையைச் சொல்ல எழுந்து நிற்கவும் வாய்ப்பு ஏற்படும். முதியோர் ஒவ்வொருவராக மறைந்துவரும் இக்காலத்தில் இப்பணியைத் தள்ளிப்போட இயலாது.

இன்னொரு கடமையும் உண்டு. நம் மக்கள் வெளியேறிய தோட்டங்களில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் உழைக்கின்றனர். கடல் கடந்து பிழைக்க வந்த அவர்களும் கைப்பேசியில் தம் மொழிச் சோகப் பாடல்களைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பர். அப்பாடல்களில் 'எங்கள்' என்பது நம்மை விலக்கியே நிற்கும். அவற்றைக் கேட்டுப் பொருள் கொள்ளும் ஆய்வை, இத்துயரை முன்பே அறிந்த நம் சமூகத்தின் மாணவர்கள் மேற்கொள்வது மிகவும் தகும்.